பொண்ணு ஆர்க்கியாலஜி படிக்கணும்னு சொல்றா, விடலாமா?

சார், பொண்ணு பிஏ ஹிஸ்டரி முடிச்சிட்டு ஆர்க்கியாலஜிதான்னு ஒத்தக்கால்ல நிக்குறான்னு எழுதியிருந்தீங்க. தாராளமா விடுங்க, ஆனா அந்த காலேஜ்ல எப்படி சொல்லிக் குடுக்குறாங்கன்னு விசாரிச்சிட்டு விடுங்க.

ஏன்னா நிறைய இடத்துல எம்ஏ தொல்லியல்னா இன்னமும் காலம், பண்பாடு, ராஜா பேருன்னு மனப்பாடம் பண்ணி பரீட்சை எழுதுறதுதான், அகழாய்வுக்குத் தோண்டுற குழிக்குள்ள இறங்குறது ஏதோ டூர் போற மாதிரி நாலஞ்சு நாள், அவ்ளோதான். அப்படி படிச்ச பிள்ளைங்க அகழாய்வு சைட்டுக்கு வேலைக்கு வந்ததும் மண்ணடுக்கு பிரிச்சுப் பாக்கத் தெரியாம முழிக்குதுங்க. பாவம், யாரும் கத்துக்குடுக்கலயே.

கீழடியையே எடுத்துக்கோங்க. 353 செ.மீ. ஆழத்துல எடுத்த சாம்பிள எந்தக் காலத்ததுன்னு பாக்க அமெரிக்காவுல மயாமி லேபுக்கு அனுப்பினாங்க, கி.மு. 580ன்னு வந்துச்சு, 2019ல ஊரே கொண்டாடிச்சு. ஆனா எந்தக் குழி, எந்த அடுக்கு, எத்தன செ.மீ.ன்னு வெயில்ல நின்னு ஒழுங்கா குறிச்சவங்க இல்லன்னா அந்த ரிசல்ட்ட வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. குழியோட சுவர சீவி, லேசா தண்ணி தெளிச்சா மண்ணோட நிறம் மாறுறது பட்டை பட்டையா தெரியும், அத நூல் கட்டி லெவல் பாத்து கிராஃப் ஷீட்ல வரையணும். பானை ஓடு போடுற ஒவ்வொரு பைக்குள்ளயும் குழி நம்பர், ஆழம், தேதி எழுதின சீட்டு இருக்கணும், சீட்டு தொலைஞ்சா அது வெறும் ஓடு. ஒருதடவ தோண்டிட்டா தோண்டினதுதான் சார், திரும்ப அந்த அடுக்க யாராலயும் பாக்க முடியாது.

இத கிளாஸ்ரூம்ல உக்காந்து கத்துக்க முடியாது. அப்போ இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவரா இருந்த வெள்ளைக்காரர் மார்டிமர் வீலர், 1944ல தட்சசீலத்துலயும் (இப்போ பாகிஸ்தான்ல இருக்கு) 1945ல புதுச்சேரி பக்கத்துல அரிக்கமேட்டுலயும் மாணவர்கள களத்துல வச்சுதான் பழக்கினாரு. என்னக் கேட்டா ஒரு முழு சீசன் களப்பணியும், அதுக்கு ரிப்போர்ட் எழுதுறதும் டிகிரிக்கு கட்டாயம்னு ஆக்கணும், டோட்டல் ஸ்டேஷன்ங்கிற நில அளவைக் கருவி, கியூஜிஐஎஸ்ங்கிற மேப் சாஃப்ட்வேர், கல்வெட்ட மை தடவி பேப்பர்ல மைப்படி எடுக்குறது, கிடைச்ச பொருள கெடாம பாதுகாக்குறது எல்லாத்துக்கும் தனி மார்க் வேணும். நிலத்துக்காரங்ககிட்ட பேசி சம்மதம் வாங்குறதக்கூட சொல்லிக் குடுக்கணும், அதுவும் வேலைதானே.

வேலை விஷயத்துல மறைக்க விரும்பல, நிரந்தர போஸ்டிங் கம்மி, முதல்ல காண்ட்ராக்ட்லதான் ஓடும். காலேஜ் வாத்தியார் வேலைக்கான யுஜிசி நெட் தகுதித் தேர்வுல ஆர்க்கியாலஜிக்கு தனி பேப்பர் இருக்கு, கிரேட்டர் நொய்டால மத்திய தொல்லியல் துறை நடத்துற ரெண்டு வருஷ பிஜி டிப்ளமோ இருக்கு, எம்ஏக்கு தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகம், புனே டெக்கான் காலேஜ் எல்லாம் பாருங்க.

அட்மிஷனுக்கு போறப்ப, போன வருஷம் பசங்கள எந்த சைட்டுக்கு கூட்டிட்டுப் போனீங்க, எத்தன வாரம், டிராயிங் யாரு போட்டாங்கன்னு நேராவே கேளுங்க. அங்க படிச்சு முடிச்ச ரெண்டு பேர் நம்பர் வாங்கி பாப்பாவ பேசச் சொல்லுங்க, ஃபீஸ் அதுக்கப்புறம் கட்டலாம்.