போலின்னா டூப்ளிகேட்டா?

அக்கா வணக்கம். குரூப் 4க்கு படிச்சிட்டிருக்கேன், ஊரு திருத்துறைப்பூண்டி பக்கம். இலக்கணப்போலிக்கு கால்வாய்னு உதாரணம் போட்டிருக்கு, நாங்க பொறந்ததுலேருந்து வாய்க்கால்னுதான் சொல்றோம், அப்ப எது ஒரிஜினல், எது டூப்ளிகேட்? எங்க அப்பாயி மதுரையை மருதைம்பாங்க, குதிரையை குருதைம்பாங்க. அதுவும் இலக்கணப்போலியா, வெறும் கொச்சையா?

தம்பி,

மொதல்ல அந்த டூப்ளிகேட்டைத் தூக்கிப் போடுங்க. போலி டாக்டர், போலி பத்திரம்னு கேட்டுக் கேட்டு நமக்குப் போலின்னாலே மோசடின்னு ஆயிடுச்சு, இங்க 'போல இருக்கிறது', அவ்ளோதான். இலக்கணப்படி அமையலேன்னாலும் அமைஞ்சது போலவே காலங்காலமா பெரியவங்க புழங்குன சொல்லு, அதனால நன்னூல் அதைத் தள்ளி வைக்காம இலக்கணமுடையது, மரூஉ ரெண்டோடயும் சேத்து இயல்பு வழக்குலயே, அதாவது பொருளுக்கு இயல்பா அமைஞ்ச சொல்லுங்க வரிசையிலயே, உக்கார வச்சிருது. தஞ்சாவூர் தஞ்சை ஆனா அது மரூஉ, அங்க சொல்லு தேயுது, இடம் மாறல. வீட்டுக்கு முன்னாடி இருக்கிற இடத்தைச் சொல்ற இல்முன், முன்பின்னா இடம் மாறி முன்றில் ஆனா அது இலக்கணப்போலி.

வாய்க்கால்தான் நேர் வரிசை, புரண்டது கால்வாய். கால்னா தண்ணி போற வழி, நம்ம வடிகால்லயும் அதே கால்தான். பாடத்துல ரெண்டும் ஒண்ணு, ஆனா நம்மூரு பேச்சுல அப்படியா? வயலுக்குப் பாயறது வாய்க்கால், 1934ல முடிஞ்ச மேட்டூர் திட்டத்தோட சேத்து வெட்டுன கல்லணைக் கால்வாயைக்கூட தஞ்சாவூர்க்காரங்க புது ஆறும்பாங்க, கால்வாய்ங்கிறது பாதி நேரம் அரசாங்க போர்டுலதான் இருக்கு.

இப்ப அப்பாயி. எனக்கு உங்க லெட்டர்ல ரொம்பப் பிடிச்சது இதுதான். மதுரை, மருதை ரெண்டையும் மெதுவா சொல்லிப் பாருங்க, தகரமும் ரகரமும் இடம் மாறுது, ஆனா உகரமும் ஐகாரமும் இருந்த எடத்துலயே இருக்கு. குருதையிலயும் அதே மெய் ரெண்டும்தான் மாறுது, கூடவே நடுவுல இருந்த இகரம் முன்னாடி இருக்கிற 'கு'வைப் பாத்து உகரமா ஆயிருக்கு. தசை சதை, சிவிறி விசிறி, வண்டைச் சொல்ற ஞிமிறு மிஞிறு எல்லாம் இதே வேலைதான், அதையெல்லாம் எழுத்து இடம் மாறி வந்ததுன்னு மரியாதையா எழுதுறாங்க, அப்பாயி வாயில வந்தா மட்டும் கொச்சையாம்! எழுத்துல ஏறுனது ஏறாததுன்னு ஒரு வித்தியாசம் தவிர எனக்கு வேற ஒண்ணும் தெரியல.

பரீட்சையில கால்வாயையே ஷேட் பண்ணுங்க, மருதைக்கு மார்க் வராது. அப்பாயிகிட்ட கொப்புளத்தை என்னன்னு சொல்வீங்கன்னு கேட்டுப் பாருங்க, பொக்குளம்னு வந்தா எனக்கு எழுதுங்க.