நெட் இல்லாத பள்ளி நூலகத்தில் கணினியை வைத்து என்ன செய்யலாம்?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். நூலகப் பொறுப்பும் என்னிடம்தான். ஆயிரத்துக்கு மேல் புத்தகங்கள், இரண்டு மடிக்கணினி, ஒரு டேப்லெட் உள்ளன. நெட் வரும், போகும். மழைக்காலத்தில் கரண்டும் அப்படியே. இவற்றை வைத்துப் பாடத்துக்கு உதவும்படி என்ன செய்யலாம்? நூலக மென்பொருள் வாங்கவேண்டுமா? பிள்ளைகள் வீடியோ போடச் சொல்லியே நிற்கிறார்கள்.

பதில்: மென்பொருள் இப்போது வேண்டாம். கோஹா என்ற இலவச நூலக மென்பொருள் தரமானதுதான். ஆனால் அதை நிறுவிப் பராமரிக்க லினக்ஸ் இயங்குதளம் தெரிந்த ஆள் பக்கத்திலேயே வேண்டும். உங்கள் அளவுக்கு ஓர் எக்ஸெல் தாள் போதும். இருப்புப் பதிவேட்டில் உள்ள எண், தலைப்பு, ஆசிரியர், அலமாரி ஆகியவற்றோடு 'எந்த வகுப்பு', 'எந்தப் பாடம்' என்று இரண்டு நெடுவரிசைகளைச் சேருங்கள். பலனே அந்த இரண்டில்தான் இருக்கிறது. எட்டாம் வகுப்பு அறிவியல் ஆசிரியர் 'நீர்' என்று தேடினால், அந்தப் பாடத்துக்கு உதவும் புத்தகங்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று உடனே தெரியவேண்டும். 1892இல் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் வகுத்த ஐந்து நூலக விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. அதை இந்தத் தாளே செய்துவிடும். ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள்: எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோட் முறையில் தட்டச்சு செய்யவேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால், தேடும்போது எதுவும் கிடைக்காது.

அடுத்தது கிவிக்ஸ். விக்கிப்பீடியாவை நெட் இல்லாமல் படிக்க உதவும் இலவசச் செயலி இது. நல்ல நெட் உள்ள இடத்தில் தமிழ் விக்கிப்பீடியாவின் 'ஜிம்' (ZIM) வகை ஃபைலை ஒருமுறை இறக்கிக்கொள்ளுங்கள். அதன் பெயரில் 'மேக்ஸி' என்றிருந்தால் படங்களோடு வரும். 'நோபிக்' என்றால் படம் இருக்காது. பென்டிரைவில் எடுத்துவரும்போது பலர் சிக்குவது ஒரு சின்ன விஷயத்தில்: பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிவிடுங்கள்.

அப்புறம், யாரிடமாவது சும்மா கிடக்கும் பழைய வைஃபை ரவுட்டர் இருந்தால் கேட்டு வாங்குங்கள். அதற்கு நெட் இணைப்பே தேவையில்லை. மடிக்கணினியையும் டேப்லெட்டையும் அதன் வைஃபையில் இணையுங்கள். மடிக்கணினியில் கிவிக்ஸின் உள்ளூர் சர்வரை இயக்கி, அது காட்டும் முகவரியை டேப்லெட்டின் பிரவுசரில் அடித்தால் அங்கேயும் விக்கிப்பீடியா திறக்கும். திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் விண்டோஸின் பாதுகாப்புத் தடுப்பான ஃபயர்வால்தான் தடுத்திருக்கும். கிவிக்ஸுக்கு அனுமதி கொடுங்கள். கரண்ட் போனாலும் மடிக்கணினியில் சார்ஜ் உள்ளவரை ஓடும். ரவுட்டருக்கு மட்டும் யுபிஎஸ் வேண்டும்.

கருவி தயாரானதும், பிள்ளைகளிடம் என்ன கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'கல்லணையைக் கட்டியவர் யார்?' என்று கேட்டால் 'கரிகாலன்' என்று ஒரே சொல்லை எழுதிவிட்டு எழுந்துவிடுவார்கள். 'கல்லணை இருக்கும்போது முக்கொம்பில் மேலணை எதற்கு?' என்று கேட்டுப் பாருங்கள். கல்லணை, கொள்ளிடம், காவிரி என்று பல பக்கங்களைப் புரட்டவேண்டி வரும். காவிரி மணல் மேடிட்டுத் தண்ணீர் கொள்ளிடத்தில் ஓடிப்போனது, அதைத் தடுக்க ஆர்தர் காட்டன் 1830களில் மேலணை கட்டியது என ஒவ்வொன்றாகப் பிடிபடும். திரையில் படித்ததை அலமாரியில் உள்ள ஒரு புத்தகத்தோடு ஒப்பிட்டு, பக்க எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தைக் கண்டுபிடிக்கும் பிள்ளையைக் கட்டாயம் பாராட்டுங்கள். எதையும் சரிபார்த்துப் படிக்கும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. மூன்று பேருக்கு ஒரு திரை போதும்: ஒருவர் தேட, ஒருவர் புத்தகம் பார்க்க, ஒருவர் எழுத. அடுத்த கேள்விக்கு வேலையை மாற்றிக்கொள்ளட்டும்.

வீடியோவைத் தடை செய்யவேண்டியதில்லை. பாடநூலின் க்யூஆர் குறியீடுகள் வழியாக வரும் காணொளிகளில் நல்லவை இருக்கின்றன. இறக்கிவைத்துக்கொண்டு, ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓட்டாமல், நடுவில் நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள். அறிவியலுக்கு வீடியோவைவிட, திரையிலேயே சோதனை செய்து பார்க்க உதவும் ஃபெட் (PhET) சிமுலேஷன்களையே நான் பரிந்துரைப்பேன். இறக்கிவைத்தால் நெட் இல்லாமலும் இயங்கும், சில தமிழிலும் கிடைக்கின்றன. பேட்டரி, பல்பு, கம்பி என்று பிள்ளை தானே மாட்டிப் பார்க்கலாம்.

வாசிக்கத் திணறும் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ச் சிறுவர் கதைகள் படிநிலை வாரியாக உள்ளன. திறந்த உரிமம் என்பதால் இறக்கி அச்சடித்தும் கொடுக்கலாம். ஆறாம் வகுப்புப் பிள்ளை முதல் படிநிலைக் கதையைப் படித்தால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்ற கூச்சம் இருக்கும். டேப்லெட்டைத் தனியாக ஒரு மூலையில் கொடுத்தால் அது குறையும். சத்தமாக வாசித்துத் தன் குரலையே பதிவு செய்து கேட்கட்டும்.

பெரிய வகுப்புகளுக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மதுரைத் திட்டத்தின் தமிழ் இலக்கியங்களும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் சுற்றும் புதுப் புத்தகங்களின் பிடிஎஃப் வேண்டாம். எழுதியவருக்குச் சேரவேண்டியது அவற்றில் போய்ச் சேராது; பள்ளிக் கணினியில் அவற்றை வைத்திருப்பது தவறு.

ஐப்பசி பிறப்பதற்குள் எக்ஸெல் தாளை இரண்டு பென்டிரைவில் நகலெடுத்து, ஒன்றைத் தலைமையாசிரியர் அறையில் வையுங்கள். மடிக்கணினிகளைத் தரையோடு ஒட்டிய அலமாரியில் வைக்காமல் மேல்தட்டில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். விடுமுறை நாட்களிலும் வாரம் ஒருமுறை யாராவது அவற்றைப் போட்டுச் சிறிது நேரம் ஓடவிட ஏற்பாடு செய்யுங்கள்.