சயாம் ரயில் பாதைக்குப் போன நம்மாட்கள்: கேள்வி பதில்

குடியாத்தம்: ஐயா, எங்கள் தாத்தாவின் அண்ணன் கங்காணியோடு மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். ஜப்பான்காரன் சயாமுக்குப் பிடித்துப் போனானாம், திரும்பவே இல்லை. அவர் போர்க்கைதியா?

இல்லை. போர்க்கைதி என்றால் பிடிபட்ட சிப்பாய். உங்கள் பெரிய தாத்தா கூலிக் கணக்கு, அதனால் நிலைமை இன்னும் மோசம். சயாமின், அதாவது இன்றைய தாய்லாந்தின், பான் போங்கில் இருந்து பர்மாவின் தான்பியூசயாத் வரை ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதை 415 கிலோமீட்டர், 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். நேச நாட்டுக் கைதிகள் 60,000 பேருக்கு மேல், செத்தவர்கள் சுமார் 12,000. தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் என்று ஆசியக் கூலிகள் ஏறக்குறைய 2 லட்சம், அதில் 90,000 பேர் செத்திருப்பார்கள் என்று கணக்கிடுகிறார்கள். சினிமாவில் வெள்ளைக்காரக் கைதி மட்டும்தான் கண்ணில் படுவான், அது வேறு எரிச்சல்.

போளூர்: அதே காடு, அதே வேலை. நம்மாட்கள் மட்டும் ஏன் இவ்வளவு பேர்?

1943 மழைக்காலத்துக் காலரா. கைதிகளோடு அவர்களுடைய பட்டாளத்து டாக்டர்களும் இருந்தார்கள். மருந்து இல்லாவிட்டாலும் கொதிக்காத தண்ணீரைத் தொடாதே, தட்டை வெந்நீரில் முக்கி எடு, கக்கூஸ் குழியை ஆழமாக வெட்டு என்று அதட்டி நடத்த அதிகாரிகள் இருந்தார்கள். தோட்டத்து ஜனங்களுக்கு யார் இருந்தார்கள்? ஆற்றுத் தண்ணீரை அப்படியே மொண்டு குடித்து, ஒழுகும் கொட்டகையில் நோயாளி பக்கத்திலேயே படுத்தார்கள்.

ஆற்காடு: தெரிந்தே போனார்களா?

முதலில் மூன்று மாச வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்) என்று ஆசை காட்டினார்கள். ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டத்தில் பிழைப்பில்லை, போனார்கள். போனவர்கள் திரும்பாதது தெரிந்ததும் யாரும் கிளம்பவில்லை, அப்புறம் பிடித்து ஏற்றியதுதான்.

காட்பாடி: போர்க்கைதிகளை ஒழுங்காக நடத்தவேண்டும் என்ற ஜெனீவா ஒப்பந்தம் இருந்ததே?

1929இல் ஜப்பான் கையெழுத்துப் போட்டது, உறுதி செய்யவில்லை. அதுவும் போர்க்கைதிகளுக்குத்தான், கூலிகளுக்கு இல்லை.

கண்ணமங்கலம்: அண்ணே, எங்கள் பக்கம் கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு வீடு பட்டாளம். சிங்கப்பூரில் பிடிபட்ட நம் சிப்பாய்களும் அந்தப் பாதைக்கா போனார்கள்?

பெரும்பாலும் இல்லை. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்ததும் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். சேராதவர்களில் ஆயிரக்கணக்கானவர்களை நியூ கினி, நியூ பிரிட்டன் பக்கம் கப்பலேற்றி மூட்டை சுமக்க வைத்தார்கள். இறந்த சிப்பாயைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவில் தேடலாம், பலருக்கு அப்பா பெயர், ஊர், மாவட்டம் இருக்கும். வேலூர், திருவண்ணாமலை என்று தேடாதீர்கள், அப்போது எல்லாம் வட ஆற்காடுதான். பெயரையும் நாலைந்து விதமாக எழுத்துக்கூட்டிப் பாருங்கள். கூலியாகப் போனவருக்கு இப்படிப் பதிவில்லை. மலேசியாவில் சொந்தம் இருந்தால் எந்தத் தோட்டம் என்று கேட்டு அங்கிருந்து தொடங்குங்கள்.