இலவச அறைக்கு முன் 20 மணி நேரக் கணக்கு

ஆகஸ்டில் மாஸ்டர்ஸ் சேர அமெரிக்கா வரும் ஒரு தம்பியின் கேள்வி: "டார்மில் கிராஜுவேட் ஹால் டைரக்டர் வேலை கிடைத்தால் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் மிச்சம் என்கிறார்கள். டிஏ (டீச்சிங் அசிஸ்டென்ட், பாடம் நடத்த உதவும்) வேலையோடு இதையும் சேர்த்துப் பார்க்கலாமா? எஃப்-1 மாணவர் விசாவுக்குச் சிக்கல் வருமா?"

முழு டிஏ என்றால் முடியாது, தம்பி. செமஸ்டர் நடக்கும்போது கேம்பஸில் பார்க்கும் எல்லா வேலையும் சேர்ந்து வாரத்துக்கு 20 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. டிஏ-வே 20 மணி நேரம் என்றால் கணக்கு அங்கேயே முடிந்தது. "காசா வாங்குகிறேன், அறைதானே தருகிறார்கள்" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள், அது செல்லாது. அறையும் மீல் பிளானும் வேலைக்குக் கொடுக்கிற கூலிதான். இந்த வாரம் 26, அடுத்த வாரம் 14, சராசரி 20 என்று சரிக்கட்டவும் வழியில்லை. ஒவ்வொரு வாரமும் தனிக் கணக்கு. மீறினால் ஸ்டேட்டஸ், அதாவது மாணவராகத் தங்கும் சட்ட அந்தஸ்து, போகும். அனுமதியில்லாத வேலை பார்த்தவருக்கு ரீஇன்ஸ்டேட்மென்ட் (இழந்த ஸ்டேட்டஸைத் திரும்பப் பெறுவது) கேட்கும் தகுதியும் கிடையாது. 10 மணி நேர டிஏ-வோடு 10 மணி நேர ஹவுசிங் (விடுதி நிர்வாக) வேலை சேரும். வேலை எதுவும் கேட்காத ஃபெல்லோஷிப் உதவித்தொகை இந்தக் கணக்கில் வராது. எதுவானாலும் கையெழுத்துப் போடும் முன் இன்டர்நேஷனல் ஆபீஸில் மாணவர் விசா விஷயங்களைக் கவனிக்கும் அதிகாரியான டிஎஸ்ஓ-விடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

வேலையின் பெயர் இடத்துக்கு இடம் மாறும். ஆர்ஏ (ரெசிடென்ட் அசிஸ்டென்ட்) என்பவர் பெரும்பாலும் இளங்கலை மாணவர், ஒரு தளத்தைப் பார்த்துக்கொள்பவர். ஹால் டைரக்டர் அந்த ஆர்ஏ-க்களுக்கு மேலே இருந்து முழுக் கட்டடத்தையும் கவனிப்பவர். எம்ஐடி-யில் கிராஜுவேட் ரெசிடென்ட் அட்வைசர், ஹார்வர்டில் ப்ராக்டர், டியூட்டர், ஸ்டான்ஃபோர்டின் முதுகலை விடுதிகளில் கம்யூனிட்டி அசோசியேட் என்று சாயல் ஒன்றாகவும் சுமை வேறாகவும் இருக்கும். பல பல்கலைக்கழகங்களில் அடுத்த ஆகஸ்டுக்கான ஆள் எடுப்பு குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும். வந்து இறங்கியதும் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். நடுவில் விலகுகிறவர்களால் ஜனவரியில் சில இடங்கள் காலியாகும். அக்டோபரிலேயே ஹவுசிங் ஆபீஸில் விசாரியுங்கள்.

இன்டர்வியூவிலும் பயிற்சியிலும் ஒரே மாதிரிச் சூழலைத்தான் திரும்பத் திரும்பக் கொடுப்பார்கள்: கதவுக்குப் பின்னால் சத்தம், கஞ்சா வாடை, உள்ளே ஐந்தாறு பேர். 'பிஹைண்ட் க்ளோஸ்டு டோர்ஸ்' என்று இதை நாடகம் போலவே நடத்துவார்கள். தனியாகப் போகாதீர்கள். கதவைத் தட்டி, யார் என்று சொல்லி, அவர்கள் திறக்கும்வரை காத்திருங்கள். ஃப்ரிட்ஜையும் பையையும் நீங்கள் தொடக்கூடாது. திறக்கச் சொல்லுங்கள், திறப்பது அவர்கள் கை. 21 வயது ஆகாதவரிடம் மது இருந்தால் சிங்கில் கொட்டுவதும் அவர்களே. மாநிலச் சட்டம் கஞ்சாவை அனுமதித்தாலும் கேம்பஸில் கூடாது. மத்திய அரசின் சட்டம் அங்கே குறுக்கே நிற்கும். யாராவது எழுப்பியும் எழவில்லை என்றால் ரூல்புக்கெல்லாம் பிறகு, முதலில் 911.

பிறகு இன்சிடென்ட் ரிப்போர்ட். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். "பையன் குடித்திருந்தான்" என்று எழுதினால் அது உங்கள் தீர்ப்பு. "இரவு 11:40. பேச்சு குழறியது, நிற்கும்போது சுவரைப் பிடித்தார், மேசையில் திறந்த பீர் கேன் நான்கு" என்று எழுதினால் அது நீங்கள் கண்டது. நாளைக்குக் கண்டக்ட் ஹியரிங்கில் (பல்கலைக்கழகத்தின் ஒழுங்கு விசாரணையில்) நிற்கப்போவது இரண்டாவது வகைதான். "பாவம், முதல் வருஷப் பிள்ளை" என்று எழுதாமல் விட்டால், அடுத்த முறை விபரீதமாகும்போது முதல் கேள்வி உங்களிடம்தான் வரும்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்று இங்கே ஆபத்து. யாராவது அழுதுகொண்டு வந்தால் "சொல்லுப்பா, யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அதைச் சொல்லவே கூடாது. பாலியல் துன்புறுத்தல் பற்றித் தெரிந்தால் டைட்டில் 9 (கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம்) அலுவலகத்துக்குத் தெரிவிக்கும் கடமை ஹவுசிங் ஊழியருக்கு உண்டு. எனவே அவர் விவரத்துக்குள் போகும் முன்பே, "இதை என்னால் ரகசியமாக வைக்க முடியாது; ரகசியம் வேண்டுமானால் கவுன்சிலிங் சென்டரில் பேசலாம், நானே கூட்டிப் போகிறேன்" என்று சொல்லுங்கள். தற்கொலை எண்ணம் பற்றிப் பேசினால் ஆன்கால் புரொஃபஷனலை (அன்றிரவு அழைப்புக்குத் தயாராக இருக்கும் மூத்த ஊழியரை) உடனே எழுப்ப வேண்டும். நாடு முழுக்கத் தற்கொலைத் தடுப்பு உதவிக்கு 988 எண்ணும் இருக்கிறது. காலை வரை பார்த்துக்கொள்ளலாம் என்று நீங்களாக முடிவெடுக்காதீர்கள்.

மற்றபடி பூட்டிக்கொண்ட அறை, ரூம்மேட் சண்டை, தீயணைப்பு ஒத்திகை எல்லாம் பழகிவிடும். இரண்டை மட்டும் முதல் வாரத்திலேயே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். கூரையில் உள்ள, தீப்பிடித்தால் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரிங்க்ளரில் சட்டை ஹேங்கரை மாட்டக் கூடாது. அதன் நுனியில் இருப்பது சின்னக் கண்ணாடிக் குமிழ். அது உடைந்தால் வால்வை மூடும்வரை தண்ணீர் நிற்காது, கீழ்த் தளங்களும் நனையும். அடுத்தது ஸ்மோக் டிடெக்டரைப் பிளாஸ்டிக் பையால் மூடுவது. அது பெரிய குற்றம். உங்கள் சமையலறையிலேயே காய்ந்த மிளகாய் தாளித்தால் அலாரம் அடிக்கும், நடுராத்திரியில் கட்டடமே வெளியே வந்து நிற்கும். எக்ஸாஸ்டைப் போட்டுவிட்டு எண்ணெயை மிதமாகக் காயவிடுங்கள்.

வரி விஷயம் பலருக்கும் தெரியாது. வேலை நடக்கும் இடத்திலேயே அறை, வேலை கொடுப்பவரின் வசதிக்காகத் தந்தது, அங்கே தங்கினால்தான் வேலை என்ற மூன்றும் பொருந்தினால் அறையின் மதிப்புக்கு வருமான வரி இல்லை. கையில் வரும் ஸ்டைபெண்டுக்கு (உதவிச் சம்பளத்துக்கு) உண்டு. டியூஷன் வெய்வரில்தான் (படிப்புக் கட்டணத் தள்ளுபடியில்தான்) சூட்சுமம்: பாடம் நடத்துவதற்கும் ஆராய்ச்சிக்கும் கிடைக்கும் வெய்வருக்குள்ள சலுகை, ஹவுசிங் போன்ற நிர்வாக வேலைக்குப் பல இடங்களில் பொருந்தாது. அங்கே ஆண்டுக்கு 5,250 டாலருக்கு மேற்பட்ட பகுதி வருமானமாகிவிடும். செமஸ்டர் கடைசி மாதச் சம்பளத்தில் பிடித்தம் கூடி, கைக்கு வருவது சுருங்கும். எஃப்-1 மாணவருக்கு முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தம் இல்லை. அந்த 7.65 சதவீதம் பிடித்திருந்தால் பேரோல் எனும் சம்பளப் பிரிவில் திருப்பிக் கேளுங்கள்.

வேலை போனால் வீடும் போகும். ஆஃபர் லெட்டரில் குறைந்தபட்ச ஜிபிஏ எவ்வளவு, விலகினால் எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும், மனைவியோ கணவரோ உடன் தங்கலாமா, வாரத்தில் எத்தனை இரவு ட்யூட்டி, அந்த இரவுகளில் கட்டடத்தை விட்டு எவ்வளவு தூரம் போகலாம் என்று பாருங்கள். ட்யூட்டி ஃபோனோடு தூங்கும் நேரத்தை 20 மணி நேரத்தில் எப்படிக் கணக்கு வைக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள்.

ஊருக்கு டிக்கெட் போடும் முன் ஹவுசிங் காலண்டரைத் திறந்து பாருங்கள். டிசம்பரில் மாணவர்கள் எல்லோரும் போன பிறகு அறை அறையாக ஜன்னல், ஹீட்டர், குப்பை பார்த்துப் பூட்டுவது உங்கள் வேலை. ஜனவரியில் அவர்களுக்கு முன்பே திரும்ப வேண்டும், பொங்கல் அநேகமாக அங்கேதான். ஆகஸ்ட் பயிற்சி வகுப்புகளுக்கு முன்பே தொடங்கும். புதிதாக வருகிறவர் ஐ-20 (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சேர்க்கைப் படிவம்) காட்டும் தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு முன் நாட்டுக்குள் வர முடியாது என்பதால், பயிற்சித் தேதியை அதோடு ஒத்துப் பார்த்துவிட்டு வேலையை ஒப்புக்கொள்ளுங்கள்.