கிரிப்டோகிராஃபி லைப்ரரியோட பழைய டெஸ்ட் கோடை ரீஃபாக்டர் பண்ணணும், எங்க ஆரம்பிக்கறது? எதைத் தொடக்கூடாது? கமிட்டை எப்படிப் பிரிக்கறது?

நீங்க சொல்ற நிலைமை இந்த ஏரியால ரொம்ப சகஜம். சி-ல எழுதின லைப்ரரி, ஒவ்வொரு அல்காரிதத்துக்கும் ஒரு டெஸ்ட் ஃபைல், எல்லாத்துலயும் அதே ஹெக்ஸ் டிகோட் ஃபங்ஷன் காப்பி பேஸ்ட், மெயின் ஃபங்ஷன் முடிவே இல்லாம போகுது, இதை "கொஞ்சம் க்ளீன் பண்ணிடு"ன்னு புதுசா சேர்ந்தவர் தலையில கட்டிட்டாங்க. நானும் இந்த மாதிரி கோடு பாத்துக்கற வேலைலதான் இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

சாதாரண கோடை மாத்தும்போது தப்பு பண்ணா டெஸ்ட் காட்டிக் குடுக்கும். டெஸ்டையே மாத்தும்போது காட்டிக் குடுக்க யாரும் இல்ல. எல்லாம் பச்சையா வந்துச்சுன்னா எல்லாம் சரியா இருக்கறதால வந்துச்சா, இல்ல எதையுமே செக் பண்ணாம ஓடி முடிஞ்சதால வந்துச்சான்னு சிஐ (ஒவ்வொரு மாற்றத்துக்கும் டெஸ்டைத் தானா ஓட்டற சிஸ்டம்) சொல்லாது. அடிக்கடி நடக்கறது என்னன்னா, கோடுக்குள்ள இருந்த டெஸ்ட் வெக்டரை (இந்த இன்புட்டுக்கு இந்த விடைன்னு முன்கூட்டியே தெரிஞ்ச ஜோடிகளை) எல்லாம் டெக்ஸ்ட் ஃபைலுக்கு மாத்துவாங்க, புது பார்சர் ஏதோ ஒரு வரி புரியலைன்னு சத்தமில்லாம தாண்டிப் போயிடும், லூப் ஒரு தடவைகூட ஓடாது, ரிசல்ட் பாஸ். அதனால பார்சர் தெரியாத வார்த்தையைப் பாத்தா அந்த இடத்துலயே ஃபெயில் ஆகணும், எத்தனை வெக்டர் ஓடுச்சுன்னு எண்ணி பழைய எண்ணிக்கையோட ஒத்துப் பாக்கணும்.

அதுக்கும் முன்னாடி செய்ய வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு, இதைத்தான் பலபேர் செய்யறதில்ல. டெஸ்ட்ல கை வைக்காம லைப்ரரியை வேணும்னே உடைங்க. ஜிசிஎம் என்க்ரிப்ஷன் மோடுல, டேட்டாவை யாரும் மாத்தலைன்னு காட்டற டேக்கோட 16 பைட்டும் ஒப்பிடற இடத்துல 15-ஆ மாத்துங்க. சிக்னேச்சர் வெரிஃபை பண்ற இடத்துல, சிக்னேச்சர்ல இருக்கற ஆர், எஸ்ங்கற நம்பர் ரெண்டும் பூஜ்யமான்னு பாக்கற வரியை எடுத்துடுங்க. பேடிங் (பிளாக்கை நிரப்பச் சேர்க்கற பைட்) செக்கைத் தூக்குங்க. இப்படி சின்னச் சின்ன பேட்ச் கொஞ்சம் எழுதி, எதுக்கு எந்த டெஸ்ட் சிவப்பாகுதுன்னு குறிச்சு வெச்சுக்கோங்க, ரீஃபாக்டர் முடிஞ்சதும் அதே பேட்சை மறுபடி போட்டு அதே டெஸ்ட் சிவப்பாகுதான்னு பாருங்க. இப்படி கோடைத் தானா உடைச்சுப் பாக்கற மியூட்டேஷன் டெஸ்டிங் டூல் இருந்தா நல்லதுதான், ஆனா கையால எழுதின பேட்சே போதும், எந்த இடம் உடைஞ்சா ஆபத்துன்னு டூலை விட உங்களுக்குத்தான் தெரியும். அந்த 15 பைட் பேட்ச்சை நிறைய டெஸ்ட் கண்டுபிடிக்காது பாருங்க, ஏன்னா டேக்கைக் கெடுத்துப் பாக்கற டெஸ்ட் எழுதறவங்க பெரும்பாலும் முதல் பைட்டை மட்டும்தான் கெடுப்பாங்க. அப்படி ஓட்டை கிடைச்சா அதைத் தனி கமிட்ல முதல்ல அடைச்சுட்டு அப்புறம் ரீஃபாக்டருக்குப் போங்க.

இது ஏன் இவ்வளவு முக்கியம்னு கேட்டா, ஜாவா 15-ல எலிப்டிக் கர்வ் கோடை சி++-ல இருந்து ஜாவாவுக்கு மாத்தி எழுதினாங்க, அந்த மாற்றத்துல மேல சொன்ன பூஜ்ய செக் விட்டுப் போச்சு. ஆர், எஸ் ரெண்டும் பூஜ்யமா ஒரு சிக்னேச்சர் குடுத்தா எந்த மெசேஜா இருந்தாலும் யாரோட கீயா இருந்தாலும் சரின்னு சொல்லிடும். 2022 ஏப்ரல்லதான் சரி பண்ணாங்க, சிவிஇ-2022-21449 (சிவிஇங்கறது பாதுகாப்பு ஓட்டைகளுக்குக் குடுக்கற பொது நம்பர்). சரியான சிக்னேச்சர் எல்லாமே அதுல ஒழுங்காத்தான் பாஸ் ஆகும், அதான் விஷயம். இந்த மாதிரி தப்பான சிக்னேச்சரா பொறுக்கி எடுத்து வெச்ச கூகுளோட வைச்சர்ப்ரூஃப் வெக்டர்கள் 2016-லயே வெளியாயிடுச்சு, ஓட்டிப் பாத்திருந்தா மாட்டிருக்கும். 2014-ல ஆப்பிள்ல வந்த கோட்டூ ஃபெயில் பக்கும் இதே ஜாதி, ஒரே வரி ரெண்டு தடவை விழுந்து சிக்னேச்சர் செக்கையே தாண்டிப் போச்சு. அதனால ஃபெயில் ஆகணும்னு எதிர்பாக்கற டெஸ்டை "இதெல்லாம் ஓவர்"னு நீக்கவே நீக்காதீங்க.

அந்த டெஸ்ட் எந்த இடத்துல ஃபெயில் ஆகுதுங்கறதையும் செக் பண்ணணும். டேக் தப்புன்னு ஃபெயில் ஆக வேண்டியது, ரீஃபாக்டர்ல கீ ஒரு பைட் குறைஞ்சு போய் கீ நீளம் தப்புன்னு ஃபெயில் ஆகும், டெஸ்ட் "ஆமா ஃபெயில் ஆச்சு, பாஸ்"னு சொல்லிடும். ஓபன்எஸ்எஸ்எல்ங்கற பிரபலமான கிரிப்டோ லைப்ரரியோட டெஸ்ட்ல வெக்டர்கள் டெக்ஸ்ட் ஃபைல்ல இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் கடைசி ஸ்டெப்ல எர்ரர் வரணுமா, கீ போடற இடத்துலயே வரணுமான்னு ரிசல்ட் வரில எழுதிருப்பாங்க. நல்ல ஐடியா, காப்பி அடிங்க.

அடுத்து, எதிர்பாக்கற விடையை லைப்ரரியையே கூப்பிட்டு கணக்குப் போடற மாதிரி மாத்தாதீங்க. நீளமான ஹெக்ஸ் பாக்க அசிங்கமா இருக்கு, என்க்ரிப்ட் பண்ணி டிக்ரிப்ட் பண்ணி ஒண்ணா இருக்கான்னு பாத்துடலாமேன்னு தோணும். சிடிஆர் மோடுல (ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு கவுண்டரை ஒண்ணு ஒண்ணா ஏத்தி என்க்ரிப்ட் பண்ற முறை) கவுண்டரைத் தப்பான பக்கத்துல இருந்து ஏத்தினா என்க்ரிப்ட்டும் டிக்ரிப்ட்டும் ஒரே தப்பை பண்ணும், ரவுண்ட் ட்ரிப் பாஸ் ஆகும், ஆனா வேற எந்த லைப்ரரியாலயும் அதைப் படிக்க முடியாது.

வெக்டரை அழகு பண்றதும் வேண்டாம். அமெரிக்க ஸ்டாண்டர்ட்ஸ் அமைப்பான நிஸ்ட் வெளியிட்ட எஸ்பி 800-38ஏ ஆவணத்துல சிடிஆர் உதாரணத்துக்கான ஆரம்ப கவுண்டர் கடைசி பைட் எஃப்எஃப்-ல முடியும். ரெண்டாவது பிளாக்குக்கு ஏத்தும்போதே கேரி அடுத்த பைட்டுக்குப் போயாகணும். படிக்க ஈசியா இருக்கட்டும்னு அதை எல்லாம் பூஜ்யமா மாத்தினா, கேரி வர்றதுக்கு 256 பிளாக் ஆகும், உங்க டெஸ்ட் நாலு பிளாக்ல முடிஞ்சுடும். ஷா-256-ல (டேட்டாவை ஒரே நீளச் சுருக்கமா மாத்தற ஹாஷ் அல்காரிதம்) 55, 56, 64 பைட் நீளத்துக்குன்னு தனித்தனியா மூணு டெஸ்ட் இருந்தா அதுவும் டூப்ளிகேட் கிடையாது. பிளாக் 64 பைட், அதுல பேடிங் ஒரு பைட், நீளத்துக்கு 8 பைட், ஆக 55 வரைக்கும் ஒரே பிளாக்ல அடங்கும், 56-ல அடுத்த பிளாக்குக்கு வழியும்.

என்னன்னே தெரியாத ஒரு பெரிய நம்பர் டெஸ்ட் ஃபைல்ல கிடந்தா ரேண்டம் டெஸ்ட் இருக்கேன்னு தூக்கிடாதீங்க. ஓபன்எஸ்எஸ்எல்ல பெரிய நம்பரை ஸ்கொயர் பண்ற ஃபங்ஷன்ல ஒரு பக் இருந்துச்சு, சிவிஇ-2014-3570. அது தற்செயலா வெளிப்படற வாய்ப்பு 64 பிட் மெஷின்ல 2 பவர் 128-ல ஒண்ணு. ரேண்டம் டெஸ்டை ஆயுசு பூரா ஓட்டினாலும் கிடைக்காது. அப்படிப்பட்ட நம்பருக்குப் பக்கத்துல எந்த பக்குக்காக, எந்த ஆர்எஃப்சில (இன்டர்நெட் ஸ்டாண்டர்ட் ஆவணம்) இருந்து வந்துச்சுன்னு ஒரு கமெண்ட் போட்டு வைங்க, பழைய கமிட் லாக்ல தேடினா பெரும்பாலும் கிடைக்கும்.

ஸ்லோ டெஸ்டும் இதே கதைதான். ஆர்எஃப்சி 7748-ல எக்ஸ்25519-க்கு (ரெண்டு பேர் ரகசிய கீயை ஒத்துக்கற அல்காரிதம்) 1, 1000, 10 லட்சம் தடவைன்னு மூணு அளவுல டெஸ்ட் இருக்கு. கடைசி ஒண்ணை ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டுக்கும் ஓட்ட வேண்டாம், ராத்திரி ஓடற பில்டுக்கு மாத்துங்க, அழிக்காதீங்க. இன்னொரு ஹாஷான ஷா-3 எழுதின டீமோட சொந்த கோடுலயே 2022-ல ஒரு பஃபர் ஓவர்ஃப்ளோ வெளில வந்துச்சு, கொஞ்சம் டேட்டா குடுத்துட்டு அடுத்த கால்ல 4 ஜிபி கிட்ட குடுத்தாதான் அது நடக்கும், பைத்தான், பிஎச்பி ரெண்டுலயும் அந்தக் கோடு இருந்துச்சு. அவ்வளவு பெரிய இன்புட்டை எந்த ஃபாஸ்ட் டெஸ்டும் தொடாது.

தைரியமா மாத்தக்கூடியதும் நிறைய இருக்கு. ஹெக்ஸ் டிகோடு, மெமரி எடுத்து விடறது, எர்ரர் பிரிண்ட் பண்றது எல்லாத்தையும் ஒரே இடத்துக்குக் கொண்டு வாங்க, ஒப்பிடற ஹெல்பரை மேக்ரோவா வைங்க, அப்பதான் எந்த ஃபைல்ல எந்த வரின்னு சரியா காட்டும், ரெண்டு ஹெக்ஸும் எந்த பைட்ல வித்தியாசப்படுதுன்னு சொன்னா இன்னும் நல்லது. ரேண்டம் டெஸ்ட் எதுவா இருந்தாலும் சீடை (ரேண்டம் நம்பர்கள் ஆரம்பிக்கற மதிப்பு) பிரிண்ட் பண்ணுங்க, அப்பதான் அதே டெஸ்டை மறுபடி ஓட்ட முடியும். எல்லா சைஃபருக்கும் ஒரே ஜெனரிக் டெஸ்ட்னு எழுதி உள்ள இருபது இஃப் கண்டிஷன் வைக்கறது மட்டும் எனக்குப் பிடிக்காது, அதுக்கு காப்பி பேஸ்டே தேவல.

சர்டிஃபிகேட் டெஸ்ட்ல தேதியைப் பாருங்க. 2022 ஜூன் 1 அன்னிக்கு ஓபன்எஸ்எஸ்எல் டெஸ்ட் ஃபோல்டர்ல இருந்த சில சர்டிஃபிகேட் காலாவதி ஆகி, கோடுல எதுவும் மாறாமலே பழைய வெர்ஷன்கள்ல டெஸ்ட் ஃபெயில் ஆக ஆரம்பிச்சது. வெரிஃபை பண்ற நேரத்தை டெஸ்டே குறிப்பிட்டுக் குடுக்கற மாதிரி மாத்திடுங்க.

கமிட்டைப் பிரிக்கறது பத்தி கேட்டிருந்தீங்க. இடம் மாத்தறது ஒரு கமிட், ஹெல்பர் மாத்தறது இன்னொண்ணு, புது டெஸ்ட் வேறொண்ணு. வெக்டர்களை ஸ்கிரிப்ட் வெச்சு கன்வெர்ட் பண்ணா அந்த ஸ்கிரிப்டையும் கமிட்ல சேருங்க, ஆயிரக்கணக்கான வரி ஹெக்ஸை எந்த ரிவ்யூவரும் கண்ணால ஒப்பிட்டுப் பாக்க மாட்டாங்க, ஸ்கிரிப்டை ஓட்டி அதே ஃபைல் வருதான்னு வேணா பாப்பாங்க.