தொடரைப் பார்த்து முடித்த பிள்ளைக்கு எந்த நாவலை வாங்கித் தருவது?

கேள்வி: என் மகள் கல்லிடைக்குறிச்சியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். லீவில் ‘தி வாம்பயர் டைரீஸ்’ என்ற அமெரிக்க ரத்தக்காட்டேரித் தொடரை முழுக்கப் பார்த்துவிட்டாள். இப்போது அதன் மூல நாவல்கள் வேண்டும் என்கிறாள். ஆன்லைனில் தேடினால் பத்துப் பன்னிரண்டு புத்தகங்கள் வருகின்றன. எதை வாங்குவது? தொடரில் வந்த கதைதான் புத்தகத்திலும் இருக்குமா? அவள் வயதுக்குச் சரிப்படுமா?

பதில்: முதல் நான்கை மட்டும் வாங்குங்கள். ‘தி அவேக்கனிங்’, ‘தி ஸ்ட்ரகிள்’, ‘தி ஃப்யூரி’ மூன்றும் 1991-ல் வந்தவை. ‘டார்க் ரீயூனியன்’ 1992-ல் வந்தது. படிக்கும் வரிசையும் இதுதான். இரண்டிரண்டு நாவல்களை ஒரே புத்தகமாகக் கட்டிய பதிப்பும் உண்டு. அது கிடைத்தால் இரண்டு புத்தகத்தோடு வேலை முடிந்தது.

மற்றவற்றை ஏன் விடச் சொல்கிறேன் என்றால், முதலில் கதையின் போக்கும் பிறகு எழுதிய கையும் மாறிவிடுகின்றன. எல்.ஜே. ஸ்மித் முதல் நான்கை எழுதிவிட்டுப் பல வருடம் கழித்து, தொடர் வந்த காலத்தையொட்டி, ‘தி ரிட்டர்ன்’ என்று மூன்று நாவல்கள் எழுதினார். அவற்றில் ஜப்பானிய நரிப் பேய்கள், வேறோர் இருட்டு உலகம் என்று கதை எங்கேயோ போய்விடும். அப்புறம் 2011-ல் அவரை விலக்கிவிட்டு வேறு ஆட்களை வைத்து எழுத வைத்தார்கள். கதையின் உரிமை முதலிலிருந்தே புத்தகத் தயாரிப்பு நிறுவனத்திடம் இருந்ததால் அவரால் தடுக்க முடியவில்லை. தான் படைத்த பாத்திரங்களின் கதையை, 2014-ல் ஒரு ரசிகர் எழுதுவதுபோல இணையத்தில் எழுதித் தொடர்ந்தார் அந்த அம்மா. 2025-ல் காலமானார். இந்த விஷயம் எப்போது நினைத்தாலும் எனக்கு மனது கஷ்டப்படும்.

அதனால் வாங்கும்போது அட்டையை உற்றுப் பாருங்கள். ஸ்மித் ‘உருவாக்கியது’ (created by) என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தால் அது அவர் எழுதியதல்ல. ‘ஸ்டெஃபன்ஸ் டைரீஸ்’ என்று ஆறு புத்தகங்கள் இருக்கின்றன. அவை தொடரைப் பின்பற்றி எழுதியவை, மூலம் அல்ல. அதேசமயம், அட்டையில் நடிகர்கள் படம் இருக்கிறதே என்று ‘தி அவேக்கனிங்’கை ஒதுக்கிவிடாதீர்கள். தொடர் வந்த பிறகு அட்டையை மாற்றினார்களே தவிர உள்ளே இருப்பது பழைய நாவல்தான்.

சரி, கதை ஒன்றுதானா? நம் பக்கம் ஊர்விட்டு ஊர் போய்க் குடியேறுகிறவர்கள், குலசாமி கோயிலில் பிடிமண் எடுத்துப்போய்ப் புது இடத்தில் பீடம் போடுவார்கள். சாமி அதே சாமி. ஆனால் சுற்றி நிற்கும் துணைச்சாமிகள் மாறும், கொடை நாள் மாறும், வில்லுப்பாட்டில் அந்த ஊர்ச் சம்பவம் ஒன்று வந்து ஒட்டிக்கொள்ளும். தொலைக்காட்சிக்காரர்கள் செய்ததும் இதைத்தான். நாவலிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப்போய், 2009 முதல் 2017 வரை 8 சீசன், 171 எபிசோடு என்று தனிக் கோயிலே கட்டிவிட்டார்கள்.

இதில் பெரிய மாற்றம் என்று நான் நினைப்பது காட்டேரிச் சகோதரர்கள் இருவரின் பூர்வீகம். நாவலில் ஸ்டெஃபனும் டேமனும் பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலிக்காரர்கள். வெர்ஜீனியாவில் இருக்கும் ஃபெல்ஸ் சர்ச் என்ற சிற்றூருக்கு அவர்கள் அந்நியர்கள். அங்கே பாழடைந்த தேவாலயமும் பழைய கல்லறைகளும் இருந்தாலும் அந்த மண்ணில் அவர்களுக்குப் பங்கு கிடையாது. தொடரில் ஊர் பெயர் மிஸ்டிக் ஃபால்ஸ். இருவரும் அங்கேயே பிறந்தவர்கள், 1864-ல் அங்கேயே செத்து ரத்தக்காட்டேரி ஆனவர்கள். ஊரை நிறுவிய குடும்பங்கள், தேவாலயத்துக்கு அடியில் அடைபட்டுக் கிடக்கும் காட்டேரிகள் என்று பகையெல்லாம் ஊருக்குள்ளேயே புதைந்திருக்கிறது. நம் ஊரில் பேய்க்கதை சொல்கிறவர்கள் எந்தப் புளியமரம், எந்த வாய்க்கால்கரை என்று சொல்லாமல் ஆரம்பிக்கவே மாட்டார்கள். பேய்க்கு இடம் வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் தொடர் நாவலைத் தாண்டிவிட்டது என்றே சொல்வேன்.

கதாநாயகி எலெனா விஷயத்தில் என் ஓட்டு நாவலுக்கு. தொடரில் வருகிறவள் பெற்றோரைப் பறிகொடுத்த சோகத்தில் இருக்கும் சாதுவான பெண், கருங்கூந்தல்காரி. நாவல் எலெனாவும் பெற்றோர் இல்லாதவள்தான், ஆனால் பொன்னிறக் கூந்தல், நீலக் கண், பள்ளிக்கூடத்துக்கே ராணி. புதிதாக வந்த ஸ்டெஃபன் தன்னைத் திரும்பிப் பார்க்கவில்லை என்றதும் அவனை அடைந்தே தீருவேன் என்று சபதம் போடுகிறாள். அந்தத் திமிர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதுதான் முதல் இரண்டு நாவல்களின் உயிர். இரண்டாவது நாவலில் அவளுடைய டைரி திருடு போகிறது. அதை ஊர்க்கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசிக்க வைத்து அவளை அவமானப்படுத்தத் திட்டம் போடுகிறாள் கரோலைன். தொடரில் தோழியாக வருவாளே, அதே கரோலைன் இங்கே ஜென்ம எதிரி. அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது காட்டேரியெல்லாம் மறந்துபோய், அந்த டைரி யார் கையில் இருக்கிறது என்ற பயம்தான் நமக்கும் வரும்.

தொடரில் வரும் எலெனாவின் தம்பி ஜெரமியை நாவலில் தேடினால் கிடைக்க மாட்டான், அவனுக்குப் பதில் மார்கரெட் என்ற குட்டித் தங்கை இருக்கிறாள். எலெனாவின் தோழி போனி நாவலில் செம்பட்டை முடிக்காரி, ஸ்காட்லாந்து வம்சம். மெரடித் என்ற நிதானமான தோழியைத் தொடர் அடியோடு விட்டுவிட்டது. எனக்கு அவளைத்தான் ரொம்பப் பிடிக்கும்.

வெர்வெய்ன் மூலிகை இரண்டிலும் உண்டு, காட்டேரி நம் மனதைப் பிடித்து ஆட்டாமல் காக்கும். நீலி கதையில் செட்டியார் கையில் மந்திரக் கத்தி இருக்கும்வரை அவள் நெருங்க முடியாதில்லையா, அதைப் போல. அந்தக் கதையை உங்கள் மகள் கேட்டிருக்காவிட்டால் வீட்டில் பெரியவர்களைச் சொல்லச் சொல்லுங்கள்.

வயதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்த நான்கு நாவல்களிலும் நெருக்கமான காட்சிகள் தொடரை விடக் குறைவு, பெரும்பாலும் முத்தத்தோடு நின்றுவிடும். ரத்தமும் கொலையும் உண்டு. முதல் நாவலில் கல்லறைத் தோட்டத்தில் டைலர் என்ற பையன் எலெனாவிடம் பலாத்காரமாக நடக்க முயலும் காட்சி ஒன்று வரும். மறைக்க வேண்டாம், ஆனால் அந்த அத்தியாயத்தை அவள் முடிக்கும் நாளில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பேச்சுப் பேசிவிடுங்கள். ஆங்கிலம் எளிமையானதுதான். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை அகராதியை அதிகம் புரட்டாமல் படித்துவிடலாம்.

தொடரில் மூன்றாம் சீசன் கடைசியில் எலெனாவுக்கு விக்கரி பாலத்தில் நடப்பது நாவலில் இரண்டாம் புத்தகத்தின் முடிவிலேயே வந்துவிடும். அவ்வளவு சீக்கிரம் வரும் என்று உங்கள் மகள் எதிர்பார்க்க மாட்டாள். அதனால் ‘தி ஸ்ட்ரகிள்’ முடியும்போது ‘தி ஃப்யூரி’ கையில் இருக்க வேண்டும். தனித்தனியாக வாங்குவதானால் முதல் மூன்றையும் சேர்த்தே ஆர்டர் போடுங்கள், நான்காவதை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.