பாட்டில் ஒளிவது இரைச்சலில் தெரியும்

கேள்வி: வாங்குவதற்காக இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். பாட்டுப் போட்டால் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. 20 ஹெர்ட்ஸில் தொடங்கி 20,000 வரை ஏறும் ஸ்வீப் ஒலியைப் போட்டால், சில இடங்களில் திடீரென முழங்குகிறது, சில இடங்களில் அடங்கிவிடுகிறது. இரண்டுமே மோசமா?

பதில்: அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் கேட்ட ஏற்ற இறக்கத்தில், அதுவும் பேஸ் எனும் தாழ்ந்த அதிர்வெண் பகுதியில், பெரும்பங்கு உங்கள் அறையுடையது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 4 மீட்டர் இருந்தால் சுமார் 43 ஹெர்ட்ஸில் ஒலி அங்கேயே தேங்கி அதிரும், சுவரோரம் நின்றால் முழங்கும், நடுவில் வந்து நின்றால் காணாமல் போகும். அந்த ஒலியை மட்டும் தனியாக ஓடவிட்டு அறைக்குள் நடந்து பாருங்கள், நான் சொல்வது புரியும். நம் காதும் எல்லா அதிர்வெண்ணையும் ஒரே அளவாகக் கேட்பதில்லை. ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள்.

ஸ்வீப்பை நான் பழுது பிடிக்கத்தான் வைத்துக்கொள்வேன். 20-லிருந்து 300 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறவிட்டு, பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்ளுங்கள். எங்காவது திருகு தளர்ந்திருந்தால் ஒரே ஓர் இடத்தில் 'ஜிர்ர்' என்று வரும், தாண்டியதும் நின்றுவிடும். ஒருமுறை தாழ்ந்த ஒலிகளை எழுப்பும் வூஃபரே கிழிந்துவிட்டது என்று பதறிப்போனேன், கடைசியில் பார்த்தால் முன்பக்க வலையின் சட்டம். விரலால் அழுத்தினேன், சத்தம் நின்றது.

சரி, எது நல்ல ஸ்பீக்கர்? அதற்கு பிங்க் நாய்ஸ். தூரத்து அருவிபோல ஒரே சீராகக் கொட்டும் இரைச்சல், ஒவ்வொரு ஆக்டேவிலும், அதாவது அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு இடைவெளியிலும், சம ஆற்றல் உள்ளது. பாட்டு நொடிக்கு நொடி மாறுவதால் குறை அதற்குள் ஒளிந்துகொள்ளும், இது மாறாது என்பதால் ஒளிய இடமில்லை. முதலில் இரண்டு ஜோடியின் சத்தத்தையும் சமமாக வையுங்கள், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள், சற்றே உரக்க ஒலிப்பதுதான் 'நல்லது' என்று காது எப்போதும் ஏமாறும். அப்புறம் மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஒன்றில் இரைச்சல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கலாம், அல்லது அதற்குள் ஒரு சுருதி மெல்ல ரீங்கரிக்கலாம். அந்தச் சாயம் நாளைக்கு நீங்கள் கேட்கப்போகும் ஒவ்வொரு குரலின் மேலும் படியும். உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுந்து நில்லுங்கள், இரைச்சலின் நிறம் சட்டென மாறினால், வூஃபரும் உயர்ந்த ஒலிகளை எழுப்பும் ட்வீட்டரும் சேரும் அதிர்வெண்ணில் இரண்டும் சரியாக இணையவில்லை என்று சந்தேகப்படலாம்.

இதே இரைச்சலை மோனோவாக, அதாவது ஒரே ஒலியாக, இரண்டு ஸ்பீக்கரிலும் போட்டால் நடுவில் ஒரே புள்ளியிலிருந்து வர வேண்டும். அறை முழுக்கச் சிதறி, பேஸும் மெலிந்து போனால் ஒன்றில் வயரைத் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள்.

கேள்வி: பிங்க் நாய்ஸுக்குப் பதில் ஒயிட் நாய்ஸ் போதாதா?

பதில்: போதாது. அதில் ஒவ்வொரு ஆக்டேவ் மேலே போகும்போதும் ஆற்றல் 3 டெசிபல் கூடிக்கொண்டே போவதால் 'உஸ்' சத்தம்தான் காதை நிறைக்கும். ட்வீட்டர்மேல் பாரமும் அதிகம். எந்தச் சோதனை ஒலியானாலும் வால்யூமைத் தாழ்வாகவே வையுங்கள், உச்ச அதிர்வெண்ணில் ஒரே ஒலியை உரக்க ஓடவிட்டால் ட்வீட்டருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் சில நொடிகளிலேயே கருகிவிடக்கூடும்.